சட்பரியில் கார் வோஷ்: முதலில் ஹீற்றரா, கதவா?

செல்வன்_ஸ்காபரோ

வணக்கம். கனடாவில், ஒன்ராறியோவின் வடக்கே சட்பரிக்கு வெளியே ஒரு காஸ் ஸ்ரேசன் வாங்குவதற்குப் பேசி, ஏறக்குறைய முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. பம்பும் கடையும் எனக்குப் பழகிய தொழில். அதோடு சேர்ந்து வருகிற கார் வோஷ்தான் புதிது. ஆட்கள் தாங்களே கழுவுகிற பே (காரை நிறுத்திக் கழுவுகிற அறை) இரண்டு, தொடாமல் கழுவுகிற ஓட்டோமாட்டிக் ஒன்று. மூன்றுமே ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்குகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள், ஆகவே ஆறு கதவு. சாதாரண பே ஒவ்வொன்றும் 16 அடி அகலம், 30 அடி நீளம், கூரை 12 அடி. கதவு 10க்கு 10.

இப்போது இருப்பவை பழைய இரும்புக் கதவுகள். கீழ்விளிம்பு உப்பில் அரித்துப் போய்விட்டது. சூட்டுக்குக் கூரையில் தொங்குகிற விசிறி ஹீற்றர்கள், அவையும் துரு. நிலத்துக்குள் சூட்டுக் குழாய் கிடையாது.

இரண்டு கொன்ராக்டர் வந்து பார்த்தார்கள். ஒருவர் கதவை இப்படியே திருத்திவிட்டு, பேக்கு மணிக்கு இரண்டு லட்சம் பி.டி.யு (சூட்டை அளக்கிற அலகு) தருகிற விசிறி ஹீற்றர் போடுவோம் என்கிறார். மற்றவர் ஆறு கதவையும் மாற்றச் சொல்கிறார்; மாற்றினால் ஹீற்றர் சின்னது போதுமாம். இரண்டாவது விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கோ, பணத்தை எதில் போடுவது?

வினிப்பெக்_வாத்தி

கதவில் போடுங்கோ தம்பி. முதல் ஆள் ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்கவில்லை என்று பெரிய பைப் பூட்டச் சொல்கிறார்.

இயற்கை வாயு இணைப்பு இருக்கிறதா, புரொப்பேனா? அதையும் சொல்லுங்கோ. ஒன்றுக்கென்று வாங்கின பேர்னரை அப்படியே மற்றதில் ஓட்ட முடியாது. செலவும் வேறு.

செல்வன்_ஸ்காபரோ

இயற்கை வாயு இருக்கிறது அண்ணை. அந்த மட்டில் நிம்மதி.

கார்த்தி_கால்கரி

நான் கட்டடங்களுக்கு ஹீட்டிங் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். கார் வாஷ் இரண்டு மூன்று செய்திருக்கிறேன். நீங்கள் கொடுத்த அளவை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

16 × 30 × 12 என்றால் 5,760 கன அடி காற்று. அதை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற ஏறக்குறைய 190 பி.டி.யு வேண்டும். சட்பரிக்குக் கட்டட விதிகள் எடுத்துக்கொள்கிற குளிர்கால வெப்பநிலை மைனஸ் 28. உள்ளே 10 டிகிரி வைத்தால் வித்தியாசம் 38. ஆக, பேயில் இருக்கிற காற்று முழுவதும் ஒருமுறை வெளியே போனால் 7,200 பி.டி.யு போச்சு. மணிக்கு ஆறு கார், ஒவ்வொன்றுக்கும் உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என்று வைத்தால் 86,000 பி.டி.யு. சுவர், கூரை, ஈரத்தரை எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது மூடியிருக்கும் கதவு வழியாகப் போகிற சூட்டைப் பாருங்கள். பல அடுக்கு பாலிகார்பனேட் (ஒளி புகும் கெட்டி பிளாஸ்டிக்) கதவுக்கு ஆர் மதிப்பு, அதாவது சூட்டைத் தடுக்கிற அளவு, இரண்டரைக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டு கதவும் சேர்ந்து 200 சதுர அடி. அதே மைனஸ் 28இல் மணிக்கு 5,500 பி.டி.யு. ஃபோம் அடைத்த இரும்புக் கதவு, ஆர் 10 என்று வைத்தால், மணிக்கு 1,400. வித்தியாசம் 4,100 தான். ஒரே ஒரு தடவை கதவு திறந்து காற்று மாறுவதை விடக் குறைவு! விற்க வருகிறவர் ஆர் மதிப்பைக் கொட்டை எழுத்தில் காட்டுவார், மயங்க வேண்டாம். இரவு பத்து மணி நேரம் மூடிக் கிடந்தால் அந்த வித்தியாசம் ஒரு பேக்கு ஒன்றரை கன மீட்டர் வாயு அளவுக்கு வரும். அதற்காகத் துருப்பிடிக்கிற இரும்பை வாங்க வேண்டியதில்லை.

கதவில் பார்க்க வேண்டியது எவ்வளவு நேரம் திறந்து நிற்கிறது என்பதைத்தான். சாதாரண மோட்டார் கதவு விநாடிக்கு 8 முதல் 12 அங்குலம் போகும். பத்தடி ஏற பத்து முதல் பதினைந்து விநாடி, இறங்க அவ்வளவே. வேகமாகச் சுருளுகிற கதவு விநாடிக்கு 24 அங்குலத்துக்கு மேல் போகும், அதாவது ஐந்து விநாடிக்குள் மேலே.

அதைவிடவும் முக்கியம் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக்கூடாது. எதிரெதிரே இரண்டும் திறந்தால் காற்று சுரங்கம் மாதிரி அடித்துக்கொண்டு போகும், காற்று ஒரு முறையல்ல, பல முறை மாறிவிடும். நுழைவுக் கதவு மூடினால்தான் வெளிக்கதவு திறக்கும் என்று இன்டர்லாக் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற செலவுகளிலேயே மலிவானது இதுதான்.

ரவி_பிராம்டன்

இவ்வளவு கணக்கு எதற்கு? எங்கள் பக்கம் கதவே இல்லாத பேக்கள் குளிர்காலம் முழுவதும் ஓடுகின்றன. இரவில் தண்ணீர் அடிக்கிற துப்பாக்கியில் தண்ணீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்படி விட்டுவிடுவார்கள், ஹோஸ் உறையாது. தரையில் சூட்டுக் குழாய். கதவும் இல்லை, கதவு ரிப்பேரும் இல்லை. கார் முட்டிக் கதவு உடைந்தது என்று இன்சூரன்ஸ்காரருடன் மல்லுக்கட்டவும் வேண்டாம்.

வினிப்பெக்_வாத்தி

ரவி, ரொறன்ரோப் பக்கம் வடிவமைப்பு வெப்பநிலை மைனஸ் 18, 20. சட்பரி மைனஸ் 28. எங்களுக்கு மைனஸ் 33. பிராம்டனில் சரிவருவது எல்லா இடமும் சரிவராது. செல்வன் தம்பியின் தரையில் குழாயும் இல்லை.

ஆனால் ரவி சொல்வதற்குள் ஒரு விசயம் இருக்கிறது. மைனஸ் 28 அன்று யார் கார் கழுவ வருவார்கள்? கழுவி வெளியே கொண்டுபோனால் கதவுப் பூட்டும் ரப்பரும் உறைந்து, வீட்டில் போய்த் திறக்க முடியாமல் நிற்க வேண்டும். தெரிந்தவன் வரமாட்டான். மைனஸ் 12க்குக் கீழே போனால் சாதாரண வீதி உப்பும் ஒழுங்காக வேலை செய்யாது, ஆகவே காரில் ஒட்டுவதும் குறைவு. கூட்டம் வருவது பனி கொட்டி, உப்புப் போட்டு, பிறகு வெயில் எறித்து மைனஸ் 5, சைபர் என்று ஏறுகிற நாளில். அன்றைக்கு வரிசை வீதி வரை நிற்கும்.

ஆகவே கார்த்தி போட்ட 86,000 கணக்கை மைனஸ் 5க்கு ஒருக்கால் போட்டுப் பாருங்கோ.

கார்த்தி_கால்கரி

நியாயம். மைனஸ் 5இல் வித்தியாசம் 15 டிகிரிதான். காற்று ஒரு முறை மாற 2,850 பி.டி.யு, பன்னிரண்டு முறைக்கு 34,000. ஆனால் அன்று வருகிற கார் சும்மா வராது. சக்கர வளைவுக்குள்ளும் அடியிலும் பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு வரும். 20 கிலோ பனிக்கட்டி உருக மட்டும் 6,300 பி.டி.யு வேண்டும். ஆறு கார் என்றால் 38,000. காற்றுக்குப் போவதை விட இது கூட! அதில் ஒரு பகுதியைச் சுடுதண்ணீர் கொடுக்கும், மிச்சம் தரையிலும் காற்றிலும் இருந்துதான் போகும்.

ஆக இரண்டு வேறு நிலைமை இருக்கிறது. கூட்ட நாளில் தாக்குப்பிடிக்க வேண்டும், கடுங்குளிர் நாளில் மூடிவைத்துக் குழாய் உறையாமல் 5 டிகிரி பிடித்து வைத்தால் போதும். கடுங்குளிரையும் கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஆட்டம் கண்ட கதவையும் வைத்துக் கணக்குப் போட்டால்தான் இரண்டு லட்சம் வரும். நல்ல கதவும் இன்டர்லாக்கும் இருந்தால் ஒரு பேக்கு ஒரு லட்சத்தைச் சுற்றி நிற்கும் என்பது என் மதிப்பீடு. இறுதி எண்ணை நேரில் வந்து சுவர், கூரை பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

ஒஸ்லோ_மாலதி

நாங்கள் நோர்வேயில் கார் கழுவும் மண்டபம் ஒன்றை எடுத்து நடத்துகிறோம். இங்கே தரையில் சூடு இல்லாமல் யாரும் கட்டமாட்டார்கள். கொங்கிறீட்டுக்குள் பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய், அதற்குள் உறையாமல் இருக்கக் கிளைகோல் கலந்த தண்ணீர், அடியில் கெட்டி ஃபோம் பலகை. கதவு திறந்து காற்று முழுவதும் போனாலும் கொங்கிறீட்டில் சூடு நிற்கும். கதவு மூடிச் சிறிது நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆட்கள் வழுக்கி விழுவதும் குறைவு.

குறையும் உண்டு. கொங்கிறீட் சூடேற மணிக்கணக்கில் எடுக்கும். காலையில் சுவிட்சைப் போட்டு மத்தியானம் சூடு எதிர்பார்க்கிற ஆளுக்கு இது சரிவராது, சீசன் தொடங்கினால் நிறுத்தாமல் ஓட வேண்டும். கிளைகோல் புரொப்பிலின் வகையாக இருக்கட்டும். வருடம் ஒரு தரம் அதன் அமிலத்தன்மையைப் பாருங்கோ, கெட்டுப்போனால் பொயிலரைத் தின்றுவிடும்.

இன்னொன்று, கதவுக்கு நேர் கீழேயும் வெளியே சில அடி வரையும் குழாய் போக வேண்டும். இல்லையென்றால் இரவில் கதவின் கீழ் ரப்பர் தரையோடு உறைந்துவிடும். காலையில் மோட்டர் இழுக்கும், ரப்பர் கிழிந்து தரையிலேயே கிடக்கும்.

செல்வன்_ஸ்காபரோ

> கதவின் கீழ் ரப்பர் தரையோடு உறைந்துவிடும்

மாலதி அக்கா, இப்போது இருக்கிற கதவுகளில் ரப்பர் ஏன் பாதிதான் இருக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது!

தரை முழுவதையும் உடைப்பதற்கு இந்த வருடம் பணம் இல்லை. வாசல்களில் மட்டும் வெட்டிக் குழாய் போட முடியுமா? அப்புறம் இரண்டாவது கொன்ராக்டர் கூரையில் கதிர்வீச்சுக் குழாய் ஹீற்றர் போடச் சொல்கிறார். விசிறி ஹீற்றருக்கும் அதற்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

ஒஸ்லோ_மாலதி

முடியும். வெளிப்பக்க வாசலை மட்டுமாவது செய்யுங்கோ. கழுவின கார் சொட்டச் சொட்ட வெளியே போகும்போது அங்கேதான் ஐஸ் கட்டும், அங்கேதான் கார் சறுக்கும். ஒன்று கவனியுங்கோ, வெளித்தரையை உருக்கச் சதுர அடிக்கு மணிக்கு 100 முதல் 150 பி.டி.யு வரை வேண்டும், உள்தரையைப் போலப் பல மடங்கு. ஆகவே வெளியே அதிகம் நீட்ட வேண்டாம், அதற்குத் தனி வால்வும் வையுங்கோ. தரைக்குள் போகிற தண்ணீர் அதிகம் சூடாக இருக்கத் தேவையில்லை. திரும்பி வருவது 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பொயிலர் (புகையில் உள்ள ஈரத்தின் சூட்டையும் பிடிப்பது) அதன் முழுத் திறனையும் காட்டும். இரண்டும் பொருந்திப் போகும்.

நீலச்சுடர்

ஒன்ராறியோவில் வாயு வேலை செய்கிறேன், ஜி2 லைசன்ஸ். ஹீற்றர் பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

விசிறி ஹீற்றர் காற்றைச் சூடாக்கும். நீங்கள் சூடாக்கிய காற்றுக் கதவு திறந்ததும் போய்விடும். கதிர்வீச்சுக் குழாய் தரையையும் காரையும் ஆளையும் நேரே சூடாக்கும், காற்றுப் போனாலும் தரை ஓரளவு வைத்திருக்கும். தரையில் குழாய் இல்லாத உங்கள் இடத்துக்கு அதுதான் சரி. ஆனால் எந்தக் குழாய் ஹீற்றரும் அல்ல, கார் வோஷுக்கென்றே செய்தது வேண்டும். பேர்னர்ப் பெட்டி அடைத்து மூடியதாக, குழாயும் தொங்குகிற சங்கிலியும் ஸ்ரெயின்லெஸாக இருக்க வேண்டும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து தனிக் குழாயால் எடுக்க வேண்டும். பேக்குள் இருக்கிற காற்றில் ஈரமும் சவர்க்கார இரசாயன ஆவியும் இருக்கும். சக்கரம் கழுவுகிற சில திரவங்கள் கடும் அமிலம். அந்தக் காற்றை எரித்தால் ஹீற்றர் உள்ளேயிருந்தே அரித்துப் போகும். உங்கள் பழைய ஹீற்றர்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

இனிப் பலரும் விடுகிற விசயம். மடிந்து மேலே ஏறுகிற கதவு திறந்ததும் கூரைக்குக் கீழே படுக்கையாக நிற்கும். அதற்கு மேலே சூட்டுக் குழாய் இருந்தால்? பொலிகாபனேட் வளைந்துவிடும், வினைல் உருகும். எரியக்கூடிய பொருளுக்கும் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று ஒவ்வொரு ஹீற்றரின் விபரத் தகட்டிலும் போட்டிருப்பார்கள், குழாய்க்குக் கீழ்ப்பக்கமாகப் பல அடி வரும். உயரமான வான், பிக்கப்பின் மேலுள்ள ஏணி எல்லாமும் அதே கணக்கில் வரும். உங்கள் கூரை 12 அடி, கதவு 10 அடி. இடமே இல்லை. ஆகவே ஒன்று, வாசலுக்கு மேலேயே சுருளுகிற கதவு எடுங்கோ. அல்லது குழாயைப் பக்கச் சுவரோரம், கதவுத் தண்டவாளத்துக்கு வெளியே, சூட்டைத் திருப்புகிற தகட்டைச் சரித்துப் பூட்டுங்கோ. கதவுக்காரரும் ஹீற்றர்க்காரரும் தனித்தனியாக வந்து அளவெடுத்துவிட்டுப் போனால் இது கடைசி நாள்தான் தெரியவரும். இருவரையும் ஒரே நாளில் கூப்பிட்டு ஒரே வரைபடத்தில் கீற வையுங்கோ.

வேலை சி.எஸ்.ஏ பி149.1 என்கிற கனடிய வாயுப் பொருத்தல் விதிப்படி நடக்க வேண்டும். மணிக்கு 4 லட்சம் பி.டி.யுக்கு மேற்பட்ட கருவி என்றால் ஜி2 ஆள் தொட முடியாது, ஜி1 வேண்டும். வாசல் தரைக்குப் பொயிலர் எடுக்கும்போது இதை ஞாபகம் வைத்திருங்கோ.

ரவி_பிராம்டன்

குழாய் ஹீட்டர் போட்ட பே ஒன்றில் கழுவியிருக்கிறேன். தலை சுடும், கால் குளிரும், சுற்றிலும் ஒரே மூட்டம். எதிரே நிற்கிற சுவர் தெரியவில்லை.

நீலச்சுடர்

உண்மைதான் ரவி, மூட்டத்துக்குக் கதிர்வீச்சு மருந்தல்ல. சுடுதண்ணீர் ஆவி குளிர்ந்த காற்றில் பட்டால் மூட்டம் வரும். அதற்குக் காற்று மாற வேண்டும். ஈரப்பதம் பார்த்து ஓடுகிற எக்ஸோஸ்ட் விசிறியும், அது இழுக்கிற அளவுக்கு உள்ளே வருகிற காற்றைச் சூடாக்கித் தருகிற ஒரு சின்ன ஹீற்றரும் வைத்தால் தீரும். இந்த வேலைக்கு விசிறி ஹீற்றரை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஓட்டோமாட்டிக் பேயில் இது இன்னும் அவசியம். மூட்டம் சென்சார்க் கண்ணை மறைத்தால் கதவுக்குக் கார் நிற்பது தெரியாது.

மூட்டத்தை விட ஆபத்தானது கார்ப் புகை. கதவை மூடி எஞ்சினை ஓடவிட்டுக் கழுவுகிற ஆட்கள் இருக்கிறார்கள், குளிர் என்றால் இன்னும் கூட. கார்பன் மொனொக்சைட் கண்ணுக்கும் தெரியாது, மணக்கவும் மாட்டாது. எஞ்சினை நிறுத்தச் சொல்லிப் பலகை போடுங்கோ. அதை நம்பியிருக்கவும் வேண்டாம், கார்பன் மொனொக்சைட் சென்சார் ஒன்றை அந்த விசிறியோடு இணைத்துவிடுங்கோ. பழைய கதவு இடுக்குகளால் இவ்வளவு காலமும் புகை தானாகப் போயிருக்கும். புதுக் கதவு இறுக்கமாக மூடும்போது அது உள்ளேயே நிற்கும்.

வினிப்பெக்_வாத்தி

கதவு பற்றி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஸ்பிரிங்: சாதாரணக் கதவு ஸ்பிரிங் 10,000 தடவை ஏறி இறங்குவதற்கு என்றுதான் செய்யப்படுகிறது. வீட்டுக் கராஜுக்கு அது பல வருடம். உங்களுக்கு ஒரு பேக்கு நாளுக்கு 40 கார் வந்தால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். 50,000, 100,000 என்று கேட்டு வாங்கலாம், விலை ஒன்றும் பெரிதாக ஏறாது. கறுப்பு ஸ்பிரிங் வேண்டாம், துத்தநாகம் பூசியது எடுங்கோ. கேபிள், உருளை, கீல் எல்லாம் ஸ்ரெயின்லெஸ் அல்லது நைலோன்.

மோட்டர்: ஈரத்துக்குள் மின்மோட்டர் ஏன்? காற்றழுத்தத்தால் ஏறி இறங்குகிற சிலிண்டர் போட்டால் பேக்குள் மின்சாரமே வேண்டாம். காரில் முட்டினாலும் மெதுவாகத்தான் முட்டும். கரண்ட் போனாலும் தொட்டியில் இருக்கிற காற்றில் சில தடவை திறக்கலாம். கொம்பிரசருக்கு, காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிற ஒழுங்கான டிரையர் கட்டாயம் வேண்டும். காற்றோடு ஈரம் போய் வால்வுக்குள் உறைந்தால் மூன்று பேயும் ஒன்றாக நின்றுவிடும், அதுவும் கூட்டம் வருகிற அன்றைக்குத்தான் நிற்கும்.

வினைல் சுருள் கதவு கார் முட்டினால் தண்டவாளத்தை விட்டுக் கழன்றுவிடும், திரும்ப ஏற்றிவிடலாம். உடையாது. ஆனால் கடுங்குளிரில் விறைக்கும், கொஞ்சக் காலத்தில் கீறல் விழுந்து மங்கிவிடும். பொலிகாபனேட் வெளிச்சம் விடும், இரவில் வீதியிலிருந்து பார்க்க பே திறந்திருப்பது தெரியும், அது வியாபாரத்துக்கு நல்லது. நான் என்றால் ஓட்டோமாட்டிக்குக்கு வேகமான சுருள், மற்ற இரண்டுக்கும் பொலிகாபனேட்.

செல்வன்_ஸ்காபரோ

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கொன்ராக்டரிடம் திரும்பப் பேசினேன். சூட்டுக் குழாய் எங்கே வரும் என்று கேட்டால் கூரை நடுவில் என்கிறார், கதவுத் தண்டவாளத்தை அவர் யோசித்திருக்கவே இல்லை. நீலச்சுடர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், பக்கச் சுவருக்கு மாற்றிக் கீறித் தருகிறேன் என்று சம்மதித்திருக்கிறார்.

இப்போதைய திட்டம் இப்படி: இந்த வருடம் ஆறு கதவும் இன்டர்லாக்கோடு, வெளிவாசல் மூன்றிலும் தரைச்சூடு, சாதாரண பே இரண்டுக்கும் பக்கச் சுவரில் கதிர்வீச்சுக் குழாய். ஓட்டோமாட்டிக்கில் இருக்கிற விசிறி ஹீற்றரைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்று எடுக்கிற புதியது. உள்தரையைப் பின்னர் பார்க்கலாம்.

இன்னும் ஒரு சந்தேகம். கதவுக்கு மேலே காற்றுத்திரை (மேலிருந்து கீழே காற்றை ஊதுகிற கருவி) போட்டால் சூடு போகாது என்று ஒருவர் சொன்னார். பிரயோசனம் இருக்குமா?

கார்த்தி_கால்கரி

கடை வாசலில் போடுங்கள், நன்றாக வேலை செய்யும். கார் வாஷில் ஈரக்காற்றை இழுத்து இழுத்து மோட்டார் சீக்கிரம் போய்விடும். பத்தடிக் கதவில் எதிர்க்காற்று அடித்தால் திரையால் தாங்கவும் முடியாது. அந்தப் பணத்தைக் கொம்பிரசர் டிரையரில் போடுங்கள்.

நீலச்சுடர்

வாசல் வெட்டுகிற நேரத்திலேயே உள்பக்கத்துக்கும் குழாய் வாய் விட்டு மூடி வையுங்கோ, பிறகு உள்தரை செய்யும்போது திரும்ப உடைக்கத் தேவையில்லை. பொயிலரையும் உள்தரையைச் சேர்த்தே கணக்குப் போட்டு எடுங்கோ. சட்பரிப் பக்கம் ஜி1 ஆள் தேவையென்றால் எனக்குத் தனிமடல் போடுங்கோ, தெரிந்தவர்கள் இருவர் இருக்கிறார்கள். ஒக்ரோபருக்குப் பிறகு அவர்கள் யாருக்கும் கிடைக்கமாட்டார்கள், இப்போதே கேட்டு வையுங்கோ.